இரண்டாம் வாயில்

பணி ஓய்வு பெற்ற நாளில் மருத்துவமனையிலிருந்து நான் எடுத்து வந்தது ஒரே ஒரு பொருள். சால்வையும் சுவர்க் கடிகாரமும் அவர்களாகக் கொடுத்தவை. அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. நானாகக் கேட்டு வாங்கியது, நீல அட்டை போட்ட, ஓரங்கள் மக்கிப்போன ஒரு பழைய நோட்டுப் புத்தகம். இரண்டாம் வாயிலின் இரவுப் பதிவேடு அது; 2013ஆம் ஆண்டுக்குரியது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து, எடைக்குப் போகவிருந்த காகிதக் கட்டோடு கிடந்தது. அதன் நடுப்பக்கம் ஒன்றில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் இளைஞனின் குண்டு குண்டான எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது:

"இரவு 1.40. முதியவர் ஒருவர். சீட்டு இல்லை. திருப்பி அனுப்பப்பட்டார்."

எழுதிய கை என்னுடையது அன்று. எழுத வைத்த ஆணை என்னுடையது.

படையில் பதினேழு ஆண்டுகள் இருந்து, அவில்தாராக வெளியே வந்தவன் நான். குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி. பிறகு பனியும் பாறையுமாகப் பல எல்லைகள். ஊர் திரும்பியபின், 2009இல், தென்மாவட்ட நகரம் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் காவலராகச் சேர்ந்தேன். இரண்டு ஆண்டுகளில் அங்கிருந்த நாற்பத்தாறு காவலர்களுக்கும் பொறுப்பாளனாக்கினார்கள். அவர்களில் எண்மர் பெண்கள். 'பாதுகாப்பு அலுவலர்' என்பது என் மேசைமீதிருந்த பலகையின் எழுத்து. காவலர் முதல் தேநீர்க் கடைக்காரர் வரை எல்லாருக்கும் நான் 'மிலிட்டரி சார்'.

வாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய கார் வந்தால் எழுந்து வணக்கம் வைப்பதே இந்த வேலை என்று எண்ணுவோர் உண்டு. சேரும்வரை நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன். அவசர ஊர்தி நுழையும் பாதையில் ஒரு மிதிவண்டிகூட நில்லாதபடி பார்ப்பதும் காவலரின் வேலை. பிணவறைச் சாவியைக் கையெழுத்து வாங்கிக் கொடுப்பதும், திருவிழா இரவுகளில் மண்டை உடைந்து வரும் குடிகாரரை மருத்துவர் தையல் போட்டு முடிக்கும்வரை பிடித்துக்கொள்வதும், வார்டு தெரியாமல் மாடி மாடியாய் ஏறி இறங்கும் பாட்டியைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவதும் அவருடைய வேலையே. எங்கள் பக்கம் பாம்புக் கடிக்கு வருவோர், எந்தப் பாம்பு என்று மருத்துவருக்குக் காட்ட வேண்டுமென, அடித்த பாம்பையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். அடிபட்டது எல்லாம் செத்தது என்று சொல்ல முடியாது. நோயாளியைச் செவிலியர் வாங்கிக்கொள்வார். பையை யார் வாங்குவது? காவலர்தான். நீண்ட கிடுக்கி ஒன்றும் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றும் அவசரப் பிரிவு வாயிலில் எப்போதும் இருக்க வேண்டுமென்பது நான் எழுதிய ஆணைகளுள் ஒன்று. அதற்காக ஒருபோதும் நான் வருந்த நேரவில்லை.

வருந்த நேர்ந்தது வேறோர் ஆணைக்கு.

2012ஆம் ஆண்டுக் கோடையில் பெண்கள் வார்டில் தொடர்ந்து களவு போயிற்று. கைப்பேசிகள் போயின. மகளின் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு தாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணம், அவள் கண்ணயர்ந்த வேளையில் முடிச்சோடு அறுத்துச் செல்லப்பட்டது. அதைவிடப் பெரிய தொல்லை, நெரிசல். ஒரு நோயாளிக்கு நான்கு பேர் எனக் கட்டிலுக்கு அடியிலும் நடைபாதையிலும் பாய் விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். ஒருநாள் மூச்சுத் திணறிய நோயாளியிடம் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிச் செல்ல வழியின்றிச் செவிலியர் தூங்குவோரை ஒவ்வொருவராக எழுப்பினார். அன்றே உட்கார்ந்து ஆணையை எழுதினேன். இரவு எட்டு மணி முதல் காலை ஐந்து மணி வரை ஒரு நோயாளிக்கு ஒரே ஒருவர், அவரிடம் அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும், "எக்காரணம் கொண்டும் சீட்டில்லாத எவரையும் அனுமதித்தல் ஆகாது."

எக்காரணம் கொண்டும் என்ற சொற்கள் படையிலிருந்து என்னோடு வந்தவை. எழுதும்போது மனத்துக்கு ஒரு நிமிர்வைத் தரும் சொற்கள்.

ஆணை பலன் தந்தது. அதை நான் மறுக்க முடியாது. களவு அறவே குறைந்தது. நடைபாதையில் ஸ்ட்ரெச்சர் தடையின்றி ஓடிற்று. மருத்துவக் கண்காணிப்பாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். நோயில் பூசுதலுக்காக எண்ணெய்ச் சிமிழோடு இரவில் வந்த எங்கள் பங்குத் தந்தையையே ஒருமுறை கால்மணி நேரம் வாயிலில் நிறுத்திவைத்தார்கள் என் காவலர்கள். தந்தை சிரித்துக்கொண்டே நின்றாராம். அதை ஓர் எச்சரிக்கையாக நான் கொள்ளவில்லை. என் அணியின் கட்டுப்பாட்டுக்குச் சான்றாகப் பலரிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு. பெண்கள் வார்டில் நுரையீரல் நோயோடு ஒரு மூதாட்டி இருந்தார். சீட்டு மகனிடம், அவன் உள்ளே. கணவர் பணம் புரட்டுவதற்காகக் காலையிலேயே ஊருக்குப் போயிருந்தார். பணம் கிடைக்க இருட்டிவிட்டது. கடைசிப் பேருந்து போய்விட்டது. காய்கறி லாரி ஒன்றில் ஏறி, மழையில் நனைந்து, 1.40க்கு இரண்டாம் வாயிலுக்கு வந்து சேர்ந்தார். பணியில் இருந்த காவலருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சேர்ந்து ஆறு மாதம். பின்னர் அவரே என்னிடம் ஒரு சொல்லும் மறைக்காமல் சொன்ன உரையாடல் இது:

"தம்பி, வீட்டுக்காரி உள்ள இருக்கா. பாக்கணும்."

"சீட்டு இருக்கா தாத்தா?"

"பையன்கிட்ட இருக்கு."

"அப்ப காலைல அஞ்சு மணிக்குத்தான். ரூல்ஸ் தாத்தா. எதிர்ல கடைத் திண்ணைல படுங்க, மழை படாது."

முதியவர் மறுபேச்சுப் பேசவில்லை. தெருவைக் கடந்து, அடைத்துக் கிடந்த தேநீர்க் கடையின் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அவரிடம் கைப்பேசி கிடையாது. அப்பா வாயில்வரை வந்துவிட்டார் என்பது மகனுக்குத் தெரியாது. மூன்றேகால் மணிக்கு மூதாட்டி இறந்துபோனார். இறப்பதற்கு முன் கணவரை இருமுறை கேட்டாராம். நான்கு மணியளவில், ஊருக்குச் சேதி சொல்ல வெளியே வந்த மகன், எதிர்த்திண்ணையில் குந்தியிருந்த தந்தையைக் கண்டான். அவன் கத்தவில்லை. தந்தையிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னான். முதியவர் எழுந்து தெருவைக் கடந்து அதே வாயிலுக்கு வந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, அதே இளைஞனிடம், அதே குரலில் கேட்டார்:

"இப்ப உள்ள போகலாமா தம்பி?"

அந்தக் கேள்வியைச் சொல்லும்போது அந்த இளைஞர் அழுதார்.

முறையீடு குடும்பத்திடமிருந்து வரவில்லை. அன்றிரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர் கண்காணிப்பாளருக்கு எழுதினார். காவலர் யார், ஏன் வார்டுக்குச் சொல்லவில்லை என்று விசாரணை வந்தது. நிர்வாகம் அந்த இளைஞரை வாயிலிலிருந்து எடுத்து வாகன நிறுத்தத்துக்கு அனுப்பிற்று. மாதக் கடைசியில் ஏஜென்சிக்கே திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. இனி எழுதப்போவதை எழுதத்தான் இத்தனையும் எழுதினேன். இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. சூழ்நிலையை அறிந்து நடந்திருக்க வேண்டாமா என்று பிறர் அவனைக் குறைசொன்னபோது நானும் தலையசைத்தேன். பேச்சு தானாக அடங்கிவிடும், என் பெயர் வராது என்ற நம்பிக்கை உள்ளே இருந்தது. எல்லையில் துப்பாக்கிச் சத்தத்தினிடையே உறங்கிப் பழகிய எனக்கு அந்த இரண்டு இரவும் உறக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அந்தக் குறிப்பின் கீழே நானே பச்சை மையில் 'சரி பார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டிருந்தேன். மறுநாட் காலையில் வழக்கம்போல் படிக்காமல் போட்ட கையெழுத்து. பதிவேட்டையும் என் பழைய ஆணையையும் எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். "எக்காரணம் கொண்டும் என்று எழுதியவன் நான், டாக்டர். அந்தப் பையன் என் சொல்லைத்தான் கேட்டான். கேட்காதிருந்தால்தான் அவனை நான் தண்டித்திருப்பேன்" என்றேன். எனக்கு ஒரு குறிப்பாணை கிடைத்தது. இளைஞர் வாயிலுக்குத் திரும்பினார். அந்த இரண்டு நாளைப் பற்றி அவர் ஒருபோதும் என்னிடம் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

ஆணையைத் திருத்தி எழுதினேன். சீட்டில்லாதவர் வந்தால் மறுப்பதற்கு முன் இன்டர்காமில் வார்டைக் கேட்க வேண்டும். செவிலியர் சொல்வதே முடிவு. கேட்டவர் பெயரும் சொன்னவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். மரணப் படுக்கையில் உள்ளவர்களின் கட்டில் எண்களை இரவு எட்டு மணிக்கே வார்டுகள் வாயிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய உறவினருக்குச் சீட்டே தேவையில்லை. வாயிலின் உட்புறத்தில், கூரைக்குக் கீழே, ஒரு நீள இருக்கை. இதற்கு மூன்று மாதம் வாதாட வேண்டியிருந்தது. இருக்கை போட்டால் கூட்டம் சேரும் என்றார்கள். சேர்ந்தது. மழையில் தெருவில் நிற்பதைவிட அங்கே சேர்வது நல்லது என்று எனக்குப் பட்டது. இரவு முழுவதும் இன்டர்காம் அடிக்கிறது என்று செவிலியர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

இறப்பு நிகழும் இடத்தில் கோபமும் நிகழும். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் ஓர் இளைஞன் இருசக்கர வாகன விபத்தில் இறந்துபோக, நாற்பது பேர் அவசரப் பிரிவுக்குள் புகுந்தார்கள். கண்ணாடி உடைந்தது. அடிதடி ஏன் மூண்டதென்று பிறகு விசாரித்தால், சிகிச்சையில் குறை என்று எவரும் சொல்லவில்லை. "செத்த பிள்ளையை ஏன் எங்களிடம் தர மாட்டேன் என்கிறீர்கள்?" என்பதே கேள்வி. விபத்தில் இறந்தவர் உடலைக் காவல்துறையின் விசாரணைக்கும் பிரேதப் பரிசோதனைக்கும் அனுப்பியாக வேண்டும். அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆம் பிரிவு. மருத்துவமனை விரும்பினாலும் உடலைக் கொடுக்க முடியாது. இதை யாராவது அமைதியாக, முன்கூட்டியே, சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லியிருந்தால் கண்ணாடி உடைந்திராது.

சொல்ல வேண்டிய அந்த ஒருவர் யார்? என் காவலர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுவாயிற்று: கூட்டத்தில் தாய்மாமனைத் தேடு. உரக்கக் கத்துபவன் பெரும்பாலும் தூரத்து உறவினன், அல்லது தெரு நண்பன். தந்தை பேசும் நிலையில் இருக்க மாட்டார். நம் குடும்பங்களில் நல்லதற்கும் கெட்டதற்கும் முன்னே நிற்கும் உரிமை தாய்மாமனுக்கு உண்டு. அவர் கைகாட்டினால் கூட்டம் அடங்கும். அவரையும் பெற்றோரையும் தனி அறையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மருத்துவரும் உட்கார்ந்து, செய்தியைச் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு இரண்டு கதவுகள் இருக்க வேண்டும். மருத்துவர் இரண்டாம் கதவின் பக்கம் உட்கார வேண்டும். கட்டணத்தைப் பற்றி அந்த மணிநேரத்தில் எவரும் பேசலாகாது. காவலர் கையில் தடி இருக்கக் கூடாது. உள்ளங்கை தெரிய, சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நெஞ்சுக்கு நேராக நெஞ்சை நிறுத்தினால் துயரத்தில் இருப்பவன் அதைச் சவாலாகக் கொள்வான். இதில் பாதி படையில் கற்றது. மீதி என் மனைவியிடம் கற்றது. எங்கள் தெருச் சண்டைகளைத் தீர்ப்பவர் அவர்.

மருத்துவமனைகளையும் பணியாளரையும் தாக்குவோரைத் தண்டிக்க நம் மாநிலத்தில் 2008இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் சுருக்கத்தைப் பலகையில் எழுதி வாயிலில் மாட்டினோம். பலகை வேண்டியதுதான். ஆனால், கண்ணாடியை உடைக்க வருகிறவன் பலகையைப் படித்துவிட்டு வருவதில்லை.

தீயைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதி வேலையைச் சொல்லாதவனாவேன். 2011 டிசம்பர் 9 விடியற்காலையில் கொல்கத்தாவின் தென்பகுதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பற்றியது. எரியக்கூடிய பொருள்கள் அடைத்துவைக்கப்பட்டிருந்த அடித்தளத்தில் அது தொடங்கிற்று. மேலே கட்டில்களில் கிடந்தவர்களைக் கொன்றது தீ அன்று, புகை. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கேரளத்தைச் சேர்ந்த இளம் செவிலியர் இருவர், எட்டு நோயாளிகளை வெளியே கொண்டுவந்தபின் அடுத்தவருக்காகத் திரும்பி உள்ளே போய் உயிர்நீத்தார்கள். செய்தித்தாள்களில் வந்த இன்னொரு விவரம் என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் புகையைக் கண்டு உதவ ஓடிவந்தபோது காவலர்கள் அவர்களை வாயிலிலேயே தடுத்து அனுப்பினார்கள் என்பது அது. அந்தக் காவலர்களுக்கும் யாரோ ஒருவர் 'எக்காரணம் கொண்டும்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். 2011இல் அதைப் படித்தவன்தான் 2012இல் என் ஆணையை எழுதினேன் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

தீயணைப்பானை இயக்கக் கற்றுக்கொடுப்பது எளிது: ஊசியை இழு, தீயின் அடிப்பகுதியைக் குறிவை, பிடியை அழுத்து, இடமும் வலமுமாக வீசு. மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதே. கடினமானது, எழுந்து நடக்க முடியாதவர்களை நகர்த்துவது. எல்லாரையும் படிவழியே கீழே இறக்க முயன்றால் படியே அடைபட்டுப்போகும். முதலில் அதே தளத்தில், தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் உள்ள பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும், இறக்குவது பிறகு. கட்டில் போகாத இடத்தில் விரிப்போடு சேர்த்துத் தரையில் இழுத்துச் செல்லலாம். செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்குக் கையால் காற்றடிக்க ஒருவர் கூடவே வர வேண்டும். லிஃப்ட் கூடவே கூடாது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் தனியார் மருத்துவமனைத் தீவிபத்தில் ஒரு சிறுமி உள்ளிட்ட சிலர் லிஃப்டினுள் மயங்கிக் கிடந்த நிலையில் மீட்கப்பட்டுப் பிழைக்காமற் போனார்கள் என்ற செய்தி வந்தபோது, ஓய்வில் இருந்த நான் எழுந்துபோய் என் பழைய அணியினரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஏன் அழைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. படிக்கட்டு காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

ஏனெனில் என் பணிக்காலத்தின் பெரிய போர் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது. அவசரகாலப் படிக்கட்டு என்பது பண்டசாலைக்காரர் பார்வையில் வாடகையில்லாக் கிடங்கு. உடைந்த கட்டில், மருந்து வந்த அட்டைப்பெட்டி, கிறிஸ்துமஸ் குடில் செய்த மூங்கில் எல்லாம் அங்கே போய்ச் சேரும். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஐந்து தளமும் ஏறி இறங்குவேன். கண்டதை வெளியே தள்ளுவேன். மாலையில் வேறொன்று இருக்கும். அதைவிட மோசம், அந்தப் படியின் கதவுகளைப் பூட்டி வைப்பது. திருடன் அவ்வழியே போய்விடுவானாம். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காத கதவுகளுக்கு மாறும்வரை அந்தச் சாவிக்கொத்து என் இடுப்பிலேயே இருந்தது, உறங்கும்போதும்.

என் அணியின் குற்றங்களையும் சொல்ல வேண்டும். பிரசவ வார்டில் தாய்க்கும் சேய்க்கும் ஒரே எண்ணுள்ள பட்டை கட்டி, அதைச் சரிபார்த்தே குழந்தையை வெளியே விடுவது வழக்கம். குழந்தைத் திருட்டைத் தடுக்க அதைவிட நல்ல வழி இல்லை. அந்தப் பட்டையைச் சரிபார்க்கும் கை, மகிழ்ச்சிப் பணத்துக்கும் நீண்டது. ஆண் குழந்தையென்றால் ஒரு தொகை, பெண் என்றால் அதில் பாதி. இருவரை வேலையிலிருந்து அனுப்பினேன். ஒருவர் தம் மூன்று பெண் குழந்தைகளை அழைத்துவந்து என் முன் நிறுத்தினார். மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை, இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன், ஆயினும் அந்தக் குழந்தைகளின் முகம் மறக்கவில்லை. பன்னிரண்டு மணிநேரம் நிற்க வைத்து, ஒரு முக்காலிகூடத் தராமல், சம்பளத்தை ஏஜென்சி பிந்தியே தருகிற ஓரிடத்தில் நேர்மையை மட்டும் நேரத்துக்கு எதிர்பார்த்தோம். தனியார் காவலருக்கு 160 மணிநேரப் பயிற்சி வேண்டுமென்று மைய அரசின் 2006ஆம் ஆண்டு மாதிரி விதிகள் கூறின. என்னிடம் வந்தவர்களில் பலர் சீருடையும் ஊதலும் மட்டுமே வாங்கிக்கொண்டு வந்தவர்கள். முக்காலிகளை வாங்கிக் கொடுத்தேன். சம்பளத் தேதியை என்னால் மாற்ற முடியவில்லை.

2020ஆம் ஆண்டைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. அந்த ஆண்டு இரண்டாம் வாயிலில் இன்டர்காமும் பயன்படவில்லை, இருக்கையும் பயன்படவில்லை. கேட்டால் வார்டிலிருந்து வந்த விடை எல்லாருக்கும் ஒன்றே. உடலைக் கட்டி வண்டியில் ஏற்றும்போது பத்தடி தூரத்தில் மகளை நிறுத்திப் பிடித்துக்கொள்ள எங்கள் பெண் காவலர் ஒருவர் இருந்தார். பிடிப்பதற்கு அவரும் அவளைத் தொடக் கூடாது. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரியில் இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர் கொலையுண்டதும், நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டதும் நாடறிந்தவை. அவ்வேளையில் தெரிந்த மருத்துவர்கள் சிலர் என் கருத்தைக் கேட்டார்கள். மருத்துவமனைகளுக்கு இன்னும் உயரமான மதில், இன்னும் கடுமையான சோதனை வேண்டாமா என்றார்கள். இரவுப் பணியிலுள்ள பெண்ணுக்குப் பூட்டு உள்ள ஓய்வறையும், வெளிச்சமுள்ள நடைபாதையும், அழுத்தினால் ஆள் வரும் மணியும் இல்லாத இடத்தில் மதில் எதற்கு என்றேன். கொல்கத்தாவில் குற்றவாளியெனத் தீர்ப்பானவன் மதிலேறி வந்தவன் அல்லன். காவல்துறைக்கு உதவும் தன்னார்வலன் என்ற பெயரில் உள்ளே வரப்போக இருந்தவன். புறநோயாளர் பிரிவில் கத்தியைக் கண்டுபிடிக்கும் கருவி வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் குழப்பமானவன் என்று நினைத்திருப்பார்கள். இந்த வேலையில் பத்தாண்டுக்கு மேல் இருந்தவன் குழம்பாதிருந்தால்தான் நான் ஐயப்படுவேன்.

அந்த இளைஞரிடம் திரும்புகிறேன். மூதாட்டி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓர் இரவு, தாய் உள்ளே இருப்பதாகச் சொல்லி ஒருவன் சீட்டில்லாமல் வந்தான். கட்டில் எண் சொன்னான், பெயரும் சொன்னான். இளைஞர் இன்டர்காமில் கேட்டார். ஊசி போட்டுக்கொண்டிருந்த செவிலியர், கட்டிலைப் போய்ப் பார்க்காமல், "விடுங்க அண்ணே" என்றார். விடிவதற்குள் இரண்டு கைப்பேசிகளும், மருந்துக்கென்று வைத்திருந்த பணத்தோடு ஒரு பையும் காணாமற்போயின. பணத்தை இழந்த பெண்மணி கூலி வேலை செய்பவர். நடைபாதையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

இளைஞர் காலையில் என் அறைக்கு வந்து நின்றார்.

"அன்னைக்குப் பூட்டினேன், தப்பாப் போச்சு. நேத்துத் திறந்தேன், தப்பாப் போச்சு. நான் என்னதான் சார் செய்யணும்?"

என்னிடம் விடை இல்லை. அந்தப் பெண்மணியிடம் இருவருமாகப் போய் நின்றோம். காவலர்கள் தங்களுக்குள் வசூல் செய்தார்கள். தொலைந்ததில் பாதிகூடத் தேறவில்லை. நான் சேர்த்து நிரப்பினேன். கண்காணிப்பாளருக்கு அறிக்கை எழுதினேன். ஆணையை மறுபடியும் இறுக்கலாமா என்று அவர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்றிரவு வீட்டுக்குப் போகாமல் இரண்டாம் வாயிலில் அவரோடு நின்றேன். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. இரண்டரை மணி இருக்கும். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண் வந்தார். முக்காடு நனைந்திருந்தது. சீட்டு இல்லை. தம்பி உள்ளே இருக்கிறான் என்றார். இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள வந்து உக்காருங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் இன்டர்காமை எடுத்தார். "கட்டில்ல போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க சிஸ்டர், நான் லைன்ல இருக்கேன்" என்றார். மறுமுனையில் யாரோ சலித்துக்கொள்வது எனக்கும் கேட்டது. அவர் காதிலிருந்து எடுக்கவில்லை.